கணினிக்கு அத்தையைச் சொல்லிக்கொடுத்த கதை

நவம்பர் இரண்டாம் வாரம். குழந்தைகள் தினத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்திருந்தார்கள். கும்பகோணத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணினி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்: “நேருவின் தங்கை யார்?” திரையில் “விடை கிடைக்கவில்லை” என்று வந்தது. அவள் என் பக்கம் திரும்பி, “அண்ணா, நேருவுக்குத் தங்கையே இல்லையா?” என்று கேட்டாள்.

நேருவுக்கு இரண்டு தங்கைகள். ஒருவர் விஜயலட்சுமி பண்டிட், 1953-இல் ஐ.நா. பொதுச் சபையின் தலைவரான முதல் பெண். மற்றவர் கிருஷ்ணா ஹத்தீசிங். இருவரைப் பற்றிய விவரங்களும் நான் பயன்படுத்திய தரவுத்தளத்தில் இருந்தன. நான்கு மாதம் இரவு இரவாக உட்கார்ந்து எழுதிய நிரலால்தான் அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று இரவு ஏன் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் நான்கு மாதமாவது மிச்சமாகட்டும்.

முதலில் நான் செய்ய நினைத்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மாலையில் படிப்பகத்துக்குப் போவேன். பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்காக ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இணையத்தில் தேடினால் பத்துப் பக்கங்கள் வரும். அவற்றில் எது சரி என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. தமிழில் கேள்வி கேட்டால் ஒரு வரியில் விடை சொல்லி, அந்த விடை எங்கிருந்து வந்தது என்றும் காட்டும் நிரல் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அதற்கு விக்கித்தரவை எடுத்துக்கொண்டேன்.

விக்கித்தரவு, விக்கிப்பீடியாவோடு இணைந்த இலவசத் தரவுத்தளம். 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டுரைகளுக்கு அங்கே இடமில்லை. தகவல்கள் துண்டு துண்டாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. சென்னைக்கு கியூ1352, தமிழ்நாட்டுக்கு கியூ1445. ஒவ்வோர் உறவுக்கும் ஓர் எண் உண்டு. பிறந்த இடத்துக்கு பி19. ‘இன்னாரின் பிறந்த இடம் இன்னது’ என்று மூன்று பகுதிகளாக ஒவ்வொரு செய்தியும் பதிவாகியிருக்கும். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் உள்ளன. ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்டால் பதில் தரும். ஆகவே என் நிரலின் வேலை, கேள்வியில் எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு, எந்த உறவு கேட்கப்படுகிறது என்று கண்டுபிடித்து, அதை ஸ்பார்க்கிளாக மாற்றுவது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இந்த ஆசை பழையது. 1961-லேயே அமெரிக்காவில் பேஸ்பால் என்ற பெயரில் ஒரு நிரலைச் செய்திருக்கிறார்கள். ஓர் ஆண்டின் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் அது விடை சொல்லும். பத்தாண்டு கழித்து வில்லியம் வுட்ஸ் என்பவர் உருவாக்கிய லூனார், நிலவிலிருந்து அப்பல்லோ பயணங்களில் கொண்டுவந்த பாறைகளைப் பற்றி நிலவியலாளர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னது. அந்த இரண்டைப் பற்றிப் படித்தபோது ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டுமே குறிப்பிட்ட சிலர், குறிப்பிட்ட ஒரு விஷயத்தைப் பற்றி, தங்களுக்குப் பழகிய சொற்களில் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. கேட்பவர் யார் என்பது அவற்றைச் செய்தவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

நான் தொடங்கிய இடம் வேறு. இந்தத் துறையில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கேள்வித் தொகுப்புகள் பல இருக்கின்றன. 2013-இல் வெளியான வெப்குவெஸ்சன்ஸ் என்ற தொகுப்பில் 5,810 கேள்விகள் உள்ளன. தேடுபொறியில் மக்கள் தட்டிய கேள்விகளிலிருந்து திரட்டியவை. அதிலிருந்து சில நூறு கேள்விகளைத் தமிழாக்கி, அவற்றை வைத்து நிரலைச் சோதித்தேன். மாதக்கணக்கில் அந்தக் கேள்விகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டார் வார்ஸ் படத்தில் நடாலி போர்ட்மேன் எந்தப் பாத்திரத்தில் நடித்தார் என்பது போன்ற கேள்விகள். நிரல் பத்தில் எட்டுக்குச் சரியாகப் பதில் சொன்னதும் படிப்பகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் நடாலி போர்ட்மேனைப் பற்றிக் கேட்கவில்லை. அது கூடப் பெரிய விஷயமில்லை. நான் தமிழாக்கிய எல்லாக் கேள்விகளிலும் ‘சகோதரி’ என்றே எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் ஒரே சொல். நானும் ஒரே சொல்லைப் போட்டேன். அக்கா, தங்கை என்ற இரண்டு சொற்களும் என் தொகுப்பில் ஓரிடத்தில்கூட இல்லை. வீட்டில் நாள் முழுக்க அக்கா, தங்கை என்று பேசுகிற நான், கணினி முன் உட்கார்ந்ததும் அவற்றை மறந்துபோனேன்.

ஆகவே என் முதல் யோசனை இது: நிரல் எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் கேட்பதை அப்படியே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதுங்கள். அந்த நவம்பருக்குப் பிறகு படிப்பகப் பொறுப்பாளர் அக்கா கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் கணினியைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதுவார்கள். சரியான விடை வந்தால் டிக், வராவிட்டால் சுழி. மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் கிடைக்காத பலவற்றை அந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

உறவுமுறைக்கு வருகிறேன். விக்கித்தரவில் உடன்பிறந்தவர் என்பதற்கு ஒரே ஒரு உறவு எண்தான்: பி3373. தொடக்க காலத்தில் சகோதரனுக்கும் சகோதரிக்கும் தனித்தனி எண்கள் இருந்தன. பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். தமிழில் தங்கை என்றால் உடன்பிறந்தவர், பெண், இவருக்குப் பின்னால் பிறந்தவர் என்று மூன்று நிபந்தனைகள். நேரு பிறந்தது 1889. விஜயலட்சுமி 1900, கிருஷ்ணா 1907. பிறந்த தேதிகளை ஒப்பிட்டுத்தான் தங்கை என்று சொல்ல முடியும். தேதி பதிவாகாத இடத்தில் அக்காவா தங்கையா என்று நிரலுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடங்களில் ‘உடன்பிறந்த சகோதரி இன்னார், மூத்தவரா இளையவரா என்பது பதிவில் இல்லை’ என்று சொல்ல வைத்தேன்.

‘இந்திராகாந்தியின் அத்தை யார்?’ என்ற கேள்விக்கு இன்னும் ஒரு படி தாண்ட வேண்டும். இந்திராவின் தந்தை, அவருடைய உடன்பிறந்தவர், அவர்களில் பெண்கள். விஜயலட்சுமி பண்டிட் மறுபடியும் வருகிறார், இந்த முறை அத்தையாக. ஆனால் மாமாவின் மனைவியும் அத்தைதான். அந்த வழியையும் சேர்க்க வேண்டியிருந்தது. சித்தப்பா என்றால் தந்தையின் தம்பி; சித்தியின் கணவரும் சித்தப்பாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவையும் பெரியம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வோர் உறவுச் சொல்லுக்கும் எந்தெந்த வழியாகப் போக வேண்டும் என்று காகிதத்தில் கோடு போட்டு வரைந்தோம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “மச்சாள் எங்கே? பெறாமகன் எங்கே?” என்று கேட்டார். அவற்றையும் சேர்த்தேன். ஆங்கிலத்திலிருந்து தொடங்கினால் இந்தக் காகிதம் கிடைத்திருக்காது.

இந்தப் பட்டியலைச் சேர்த்த மறுநாளே இன்னொரு சிக்கல் வந்தது. நான்காம் வகுப்புப் பையன் “நேரு மாமா எப்போது பிறந்தார்?” என்று தட்டினான். நிரல் நேருவின் தாயைத் தேடி, தாயின் உடன்பிறந்த ஆண்களைத் தேடப் போய்விட்டது. ‘காந்தி தாத்தா’ என்றால் காந்தியின் தாத்தாவைத் தேடியது. ‘அண்ணா எங்கே பிறந்தார்?’ என்ற கேள்வியைப் பார்த்து யாருடைய அண்ணன் என்று தெரியாமல் நின்றது. கேட்ட பிள்ளைக்கு வேண்டியது 1909-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா.

இங்கே வேற்றுமை உருபு கைகொடுத்தது. ‘நேருவின் மாமா’ என்று உருபு வந்தால் உறவு. ‘நேரு மாமா’ என்று வெறும் பெயருக்குப் பின்னால் வந்தால் அன்பும் மரியாதையும் சேர்ந்த அழைப்பு. தாத்தா, மாமா, அண்ணா, அக்கா போன்ற சொற்களுக்கு மட்டும் இந்த விதி. ‘நேரு மகள் பெயர் என்ன?’ என்று உருபில்லாமல் கேட்டாலும் மகள் உறவேதான். யாரும் யாரையும் ‘நேரு மகள்’ என்று அழைப்பதில்லை. இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத்தான் பிரிக்க முடிந்தது. அண்ணாவைப் பொறுத்தவரை, உறவுச் சொற்களைத் தேடுவதற்கு முன்னால் முழுச் சொல்லும் யாருடைய பெயராகவாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

தமிழ் இலக்கணம் நமக்குத் தடையாக இருக்கும் என்ற பயத்தோடுதான் தொடங்கினேன். பல இடங்களில் அது தானாக முன்வந்து வழிகாட்டியது. அதற்கு ஓர் உதாரணம் சொல்லியே ஆக வேண்டும்.

டெல்டாப் பிள்ளைகள் என்பதால் காவிரியைப் பற்றி நிறையக் கேட்பார்கள். “காவிரி எங்கே பிறக்கிறது?” பாடப்புத்தகத்தில் ‘உற்பத்தியாகிறது’ என்று இருக்கும், பிள்ளைகள் ‘பிறக்கிறது’ என்றே எழுதுகிறார்கள். நம் மொழியில் ஆறு பிறக்கும். விக்கித்தரவில் மனிதர் பிறந்த இடத்துக்கு ஓர் எண், ஆறு தோன்றும் இடத்துக்கு பி885 என்ற வேறோர் எண். என் நிரல் காவிரியின் பிறந்த இடத்தை மனிதர்களுக்கான எண்ணில் தேடி வெறுங்கையோடு திரும்பியது. பிறப்பு என்ற சொல்லுக்கு இரண்டு எண்களையும் கொடுத்தேன். குடகில் இருக்கும் தலைக்காவிரி வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒருவன் “பெரியார் எங்கே பிறந்தார்?” என்று கேட்டான். ஈரோடு என்று வர வேண்டியதற்குப் பதிலாகக் கேரளத்தில் ஓடும் பெரியாறு வந்து நின்றது. அந்த ஆற்றின் பெயரையும் பெரியார் என்ற எழுத்துக்கூட்டலில் என் பெயர்ப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன்.

பிறகுதான் வினைமுற்றைப் பார்த்தேன். பிறந்தார். பிறக்கிறது. ஒன்று உயர்திணை, இன்னொன்று அஃறிணை. கேள்வியின் கடைசிச் சொல்லே ஆளா ஆறா என்று சொல்லிவிட்டது. நான்தான் அதைப் பயனற்ற விகுதி என்று வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஆர், ஆன், ஆள் என்று முடிந்தால் மனிதர்களில் மட்டும் தேடு, து என்று முடிந்தால் மனிதர்களை விட்டுவிடு என்று எழுதினேன். ‘யார்’, ‘எது’ என்ற வினாச் சொற்களுக்கும் அதே விதி. ‘எத்தனை’ என்றால் எண்ணிச் சொல், ‘எவ்வளவு’ என்றால் அளவைச் சொல். ஆறாம் வகுப்பு இலக்கணப் பாடத்தில் படித்த திணை, ஒரே பெயருள்ள ஓர் ஆற்றையும் ஓர் ஆளையும் பிரித்துக் காட்டியதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்த ஒரு மாற்றத்தால் நோட்டில் இருந்த சுழிகளில் கணிசமானவை டிக் ஆயின.

சொற்களின் முடிவை வெட்டுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘சென்னையில்’ என்பதிலிருந்து சென்னையை எடுக்க, கடைசியில் வரும் ‘இல்’ உருபை வெட்டும் சிறு நிரலை நான் எழுதியிருந்தேன். அது பிரேசிலை வெட்டிவிட்டது. ‘பிரேசில் எந்தக் கண்டத்தில் இருக்கிறது?’ என்று கேட்டால் ‘பிரேசு’ என்ற ஊரைத் தேடும். கார்கிலுக்கும் அதே கதி. இப்போது தலைகீழாகச் செய்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் அது எடுக்கக்கூடிய வடிவங்களை எல்லாம் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்கிறேன்: நாடு, நாட்டின், நாட்டில், நாட்டுக்கு, ஆறு, ஆற்றின், ஆற்றில். கேள்வியில் வரும் சொல்லை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது மட்டுமே மிச்சம். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். தவறு வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வினாடி வினாவில் பரிசு வாங்கிய பெண் ஒருத்தி வேண்டுமென்றே தட்டிப் பார்த்த கேள்வி: “ஆறு நாடுகளில் பாயும் ஆறு எது?” விடை மீகோங். சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். முதல் ஆறு எண், இரண்டாவது ஆறு நதி. பன்மைப் பெயருக்கு முன்னால் நிற்பது எண் என்று ஒரு விதி போட்டதும் நிரல் அதைச் சரியாகப் பிரித்தது. ஒவ்வொரு நதியின் நாடுகளையும் எண்ண வேண்டியிருந்ததால் விடை வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விக்கித்தரவின் பொது வினவல் சேவையில் ஒரு கேள்விக்கு 60 விநாடி வரைதான் அனுமதி. எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்விகள் அந்த வரம்பில் மாட்டும். அதனால் பிள்ளைகள் அதிகம் கேட்கும் நதிகள், நாடுகள், மனிதர்கள் ஆகியவற்றின் தகவல்களை மட்டும் தனியாக எடுத்துப் படிப்பகக் கணினியிலேயே வைத்துக்கொண்டேன். இணையம் அறுந்த நாட்களிலும் அது ஓடுகிறது.

எழுத்துகளின் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கொழும்பு’ என்று பிள்ளை தட்டியதும் தரவுத்தளத்தில் இருப்பதும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டாலும், ஒகரக் குறியை ஒரே குறியாகப் போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தை முதல் வேலையாகச் செய்தால் இது தீரும். ஆனால் ‘ஔவையார்’ என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டுபவர்கள் ஏராளம். அதை எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது. கையால் ஒரு விதி எழுத வேண்டும். ஆஸ்திரேலியா, அவுஸ்திரேலியா, ஜப்பான், யப்பான், ஜெர்மனி, ஜேர்மனி, செர்மனி. இவற்றில் எதையும் தவறு என்று ஒதுக்காதீர்கள். எல்லாவற்றையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றை விக்கித்தரவிலும் நேரடியாகச் சேர்க்கலாம்; யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நாங்கள் விடுபட்ட தமிழ்ப் பெயர்களை வாரம் ஒரு மாலை உட்கார்ந்து சேர்க்கிறோம். பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிற வேலை அது.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும்.

எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்டத் தியாகி ஒருவர், பிறகு சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அதனால் விக்கித்தரவில் அவருக்கு ஒரு பதிவு உண்டு. குடியரசு தினத்துக்கு முதல் நாள் ஒரு சிறுவன் அவர் பெயரைத் தட்டி, “இவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டான். நிரல் “0” என்று சொன்னது. பையன் அதை உரக்கப் படித்தான். சற்றுத் தள்ளி நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, அவர் என் தாத்தா. அவருக்கு ஐந்து பிள்ளைகள். என் அப்பா மூன்றாவது” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அந்தச் சுழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

தவறு எங்கே என்றால், தரவுத்தளத்தில் பிள்ளைகளைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. எண்ணச் சொன்னால் கணினி இருப்பதை எண்ணும். ஒன்றும் இல்லாவிட்டால் சுழியைக் கொடுக்கும். பதிவில் இல்லாததை உலகத்தில் இல்லாததாக நான் சொல்லிவிட்டேன். விக்கித்தரவு போன்ற தளங்கள் எல்லாமே ‘எங்களிடம் இல்லாதது உண்மையில் இருக்கலாம்’ என்ற அடிப்படையில் அமைந்தவை. அதைப் படித்திருந்தேன், நிரலில் செய்யவில்லை. இல்லை என்ற சொல்லும் தெரியவில்லை என்ற சொல்லும் தமிழில் தனித்தனியாக இருக்கும்போது இரண்டையும் குழப்புவதற்கு எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது. அன்று இரவே சுழி விடைகள் அத்தனையையும் நிறுத்தினேன். இப்போது “பிள்ளைகளைப் பற்றிய பதிவு எதுவும் இல்லை, ஊரில் தெரிந்தவர்களைக் கேட்கவும்” என்று வரும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் வரும் இன்னொரு பிழை காலம். “தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்?” என்பதற்கு 38-ஐவிடக் கூடுதலாக ஓர் எண் வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தால் வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் உள்ளே இருந்தன. 1989-லும் 1993-லும் பிரிக்கப்பட்டவை. ஒரு காலத்தில் மாவட்டமாக இருந்ததால் அவற்றின் பதிவு இருப்பது சரிதான். முடிவு தேதி உள்ளவற்றை நான் விலக்கியிருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்து மயிலாடுதுறை 2020 டிசம்பரில் 38-ஆவது மாவட்டமாக உதயமானது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மக்கள்தொகையிலும் இப்படித்தான். சென்னைக்கு 2001 கணக்கெடுப்பின்படி 43,43,645, 2011-இன்படி 46,46,732 என்று பல எண்கள் இருக்கும். ஆண்டைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதை நிறுத்திவிட்டேன். பாரதியின் நினைவு நாளைச் செப்டம்பர் 11 என்பாரும் 12 என்பாரும் உண்டு. அத்தகைய இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

இப்போதெல்லாம் சாட்ஜிபிடி போன்ற பெருமொழி மாதிரிகள் இருக்கின்றனவே, இவ்வளவு பாடு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன். பேச்சு வழக்கில் தட்டிய, பாதி எழுத்து விட்டுப்போன கேள்வியை ஒழுங்கான வாக்கியமாக்குவதில் அவை என் விதிகளைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஸ்பார்க்கிள் வினவலை மாதிரியையே முழுக்க எழுதச் சொன்னபோது ஆபத்தான ஒன்றைக் கண்டேன். வாக்கிய அமைப்பு அழகாக இருக்கும்; கியூ எண் மட்டும் தவறாக இருக்கும். தவறான எண்ணும் ஏதோ ஒரு பொருளின் எண்தான். எனவே பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்டது ஓர் ஊர், வந்தது வேறோர் ஊரின் பரப்பளவு. கேட்ட பிள்ளைக்கு அது தெரிய வழியே இல்லை. இப்போது மாதிரியிடம் எண்களைக் கேட்பதில்லை. கேள்வியின் சட்டகத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். பெயர் வரும் இடமும் உறவு வரும் இடமும் காலியாக இருக்கும். அந்த இடங்களை என் பட்டியலிலிருந்து நிரப்புகிறேன். ஐயம் இருந்தால் நான்கைந்து பெயர்களைக் கொடுத்து அவற்றில் எது பொருத்தம் என்று கேட்கிறேன். அவ்வளவுதான் அதற்கு அனுமதி.

விடைக்கு மேலே ஒரு வரி வருமாறு செய்தது, மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பலன் தந்த மாற்றம். “நான் புரிந்துகொண்டது: ஜவகர்லால் நேருவின் உடன்பிறந்தவர்களில், அவருக்குப் பின் பிறந்த பெண்கள்.” அதற்குக் கீழே விடை. மதுரையின் பரப்பளவைக் கேட்டால் “மதுரை நகரமா, மாவட்டமா?” என்று இரண்டு பொத்தான்கள். நிரல் தவறாகப் புரிந்துகொண்டால் பிள்ளைகளே பார்த்துவிட்டு வேறு மாதிரி கேட்கிறார்கள். ஒருநாள் அந்தத் தங்கைச் சிறுமி தன் தம்பிக்கு, “மேல் வரியைப் படித்துவிட்டுத்தான் கீழ் வரியை எழுத வேண்டும்” என்று சொல்லிக்கொடுப்பதைக் கேட்டேன்.

சென்ற ஜூன் கடைசியில் நோட்டில் ஒரு கேள்வி, பென்சிலால்: “காவிரியில் இன்னும் ஏன் தண்ணீர் வரவில்லை?” எழுதியவன் ஒரு விவசாயியின் மகன். நிரல் அவனுக்குக் காவிரியின் நீளத்தைக் கிலோமீட்டரில் சொல்லியிருந்தது. காவிரி, தண்ணீர் என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த எண்ணைக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் பெரிய சுழி. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது, அதன் முழு நீர்மட்டம் 120 அடி என்றெல்லாம் தரவுத்தளத்தைக் கேட்டால் கிடைக்கும். ஜூன் 12-ஆம் தேதி திறக்க வேண்டிய அணை ஏன் திறக்கவில்லை என்பதற்கு அதில் எந்த உறவு எண்ணும் கிடையாது.

‘ஏன்’, ‘எப்படி’ என்று தொடங்கும் கேள்விகளுக்கு எண்ணைத் தேடிக் கொடுப்பதை நிறுத்தினேன். “இதற்கு என்னிடம் விடை இல்லை, ஞாயிற்றுக்கிழமை கேட்போம்” என்று வரும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் மதகு திறந்து மூடியவர். அந்த ஞாயிறு அவர் வந்து படிப்பகத் தரையில் சாக்பீஸால் மேட்டூரை வரைந்தார், கல்லணையை வரைந்தார், அங்கிருந்து பிரியும் வெண்ணாற்றையும் கல்லணைக் கால்வாயையும் வரைந்தார். முறைப்பாசனம் என்றால் என்ன, கடைமடைக்குத் தண்ணீர் ஏன் கடைசியில் போகிறது, மழை பொய்த்த ஆண்டில் அணை மட்டம் எப்படி இருக்கும் என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். நடுவில் அந்தப் பையன் எழுந்து போய்க் கணினியில், “கல்லணையை யார் கட்டினார்?” என்று தட்டிவிட்டு, “கரிகாலன், தாத்தா!” என்று கத்தினான். நோட்டில் அவனுடைய கேள்விக்கு நேரே பொறுப்பாளர் அக்கா தாத்தா சொன்னதை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்.